ஊமைப் பிரபுவின் ஞாயிற்றுக்கிழமைகள்

முத்தியால்பேட்டைத் தண்ணீர்த் தொட்டியின் காலடியில் எட்டுக்கு எட்டு அடியில் ஓர் அறை. அதற்குள் ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச் போர்டு, மாதா படம் போட்ட காலண்டர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஜூலியன். முக்கியத்துவமும் இதே வரிசைதான். மோட்டார் நின்றால் மூன்று தெருவும் குடத்தோடு ஓடிவரும். ஜூலியன் நின்றுபோனால், மோட்டாரும் சேர்ந்து நிற்கிறவரை ஒருவருக்கும் தெரியாது.

ஐம்பத்து நாலு வயது. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. சரியாகச் சொன்னால் அது நாலாவது நாற்காலி. காலை முறை ராமலிங்கத்துக்கு, மாலை முறை ஜூலியனுக்கு. ஞாயிறன்று ராமலிங்கம் தவளக்குப்பம் பக்கத்திலிருக்கும் தன் நிலத்தைப் பார்க்கப் போய்விடுவதால் இரண்டும் ஜூலியன் தலையில். ஒன்றரை மணிக்கு மோட்டாரைப் போட்டால் தொட்டி நிரம்ப நாலாகும். அதன்பின் வால்வு திறக்கிற, நெஞ்சு உயரத்துக்கு இருக்கிற இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். தெருமுனைக் குழியில் சாவியை இறக்கி, பதிமூன்று சுற்று சுற்றினால் தண்ணீர். முதல் தெருவுக்கு நாலு மணி, இரண்டாம் தெருவுக்கு நாலு நாற்பது, மூன்றாம் தெருவுக்கு ஐந்து இருபது. நாற்பது நிமிஷம் என்றால் நாற்பது. கல்யாண வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்தாலும் நாற்பது, கவுன்சிலர் வீட்டு ஆள் வந்து சட்டையைப் பிடித்தாலும் நாற்பது. ஜூலியன் வீடே இரண்டாம் தெருவில்தான். அதற்கும் நாற்பதுதான். குளிக்கும்போது தலையில் சோப்போடு நின்றுவிட்ட மனைவி அகஸ்டினா, ஜன்னல் வழியாகத் திட்டிய வார்த்தைகளைத் தெரு இன்னும் மறக்கவில்லை.

அந்த அகஸ்டினா இப்போது உப்பளம் கல்லறையில் இருக்கிறாள். இரண்டு வருஷம் ஆகிறது.

நடந்தது இப்படி. கோரிமேட்டுப் பக்கம் ஆஸ்பத்திரியில் நாலாம் நாள். "பரவாயில்ல, தேறிடுவாங்க" என்றார்கள். மகள் ரெஜினா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் ஒரு மணிக்கு ஜூலியன் மணியைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "தொட்டிய ரொப்பணும். ஆறரைக்குள்ள வந்துடறேன்" என்று எழுந்தார். "யாரையாச்சும் வுடச் சொல்லுப்பா" என்றாள் ரெஜினா. ராமலிங்கத்துக்கு ஒரு போன் அடித்திருந்தால் போதும், பாதிச் சோற்றில் எழுந்து வந்திருப்பான். ஜூலியனுக்கு அது தோன்றவே இல்லை. அத்தனை வருஷத்தில் தன் முறைக்கு அந்தச் சாவியை இன்னொருத்தர் கையில் கொடுத்துப் பழக்கமில்லை. தண்ணீர் விடாவிட்டால் மூன்று தெரு வாடுமே என்றுதான் தோன்றியது. போனை பைக் பெட்டியில் போட்டுவிட்டுச் சாவியைத் தூக்கினார். நாலு இருபத்தைந்துக்கு அகஸ்டினா போய்விட்டாள். ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது ஒன்பது மிஸ்டு கால்.

மூன்று தெருவுக்கும் அன்றைக்குத் தண்ணீர் ஒரு நிமிஷம் பிசகாமல் வந்தது.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் ரெஜினா பெட்டியைக் கட்டினாள். பெங்களூரில் வேலை. சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. "நீ போய் தண்ணி வுடு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அதற்குப் பிறகு ஜூலியன் போன் செய்தால் எடுப்பதில்லை. எண்ணைத் தடுத்தும் வைக்கவில்லை. ரிங் போகும். முடிகிறவரை முழுசாகப் போகும். அவ்வளவு நேரமும் அது மகளுடைய கைக்குப் பக்கத்தில் எங்கேயோ அடிக்கிறது என்பதே ஜூலியனுக்கு ஒரு வகையில் பேசினதுபோலத்தான்.

ராமலிங்கத்தின் மகள் ஹேமலதா, காலாப்பட்டில் ரெஜினாவோடு ஒன்றாகப் படித்தவள். ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளிடம் ஜூலியன் மெதுவாக விசாரித்தார்.

"எங்கூடவே அவ்வளவா பேசறதில்ல அங்கிள். வேலை வுட்டா ரூமு. ரூமுக்குப் போனா போனுல அந்த ஏழு மதிலு."

"அது இன்னாம்மா, சீட்டா?"

"கேமு அங்கிள். கோட்டை, சண்டை, ராஜா, பூதம் எல்லாம். உலகம் பூரா ஆடறாங்க. இவ அதுல பெரிய தளபதி. பேரு மொளகா."

மொளகா என்பது மகளுக்கு அகஸ்டினா வைத்த செல்லப்பெயர். ஜூலியன் போனை நீட்டினார்.

"எனக்கும் போட்டுக் குடு."

ஹேமலதா போட்டுக் கொடுத்தாள். "வால்வு ஜூலியன்" என்று பெயரும் வைத்துவிட்டுச் சிரித்தாள். அவர் பதறிப்போய் மாற்றச் சொன்னார். "அப்போ பிரபுன்னு வெக்கறேன். நீங்க உக்காந்திருக்கறதப் பாத்தா அப்படித்தான் இருக்கு" என்றாள். உடைந்த நாற்காலியின் ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து, ஜூலியன் அப்போது உட்கார்ந்திருந்தார்.

ஆட்டத்தில் நுழைந்ததும் முதல் கேள்வி, எந்தக் கொடி? இரண்டே கொடிகள். ஒன்றில் கருங்கழுகு. இன்னொன்று நீலம், அதில் தலையைச் சுற்றி நட்சத்திரங்களோடு, கைகூப்பி, ஒரு பெண். வில்லியனூர் மாதா கோயில் தேரை ஒரு வருஷம்கூடத் தவறவிடாத ஜூலியனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? சிலுவை போட்டுக்கொண்டு நீலக்கொடியைத் தொட்டார். தினமும் ஆட்டத்தைத் திறந்ததும் முதலில் அந்தப் பெண்ணைக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அவள் சூனியக்கார ராணி. கணவனைத் தேரையாக்கிக் கிணற்றில் விட்டவள்.

அதைக்கூட ஜூலியன் மன்னித்திருப்பார். மொளகா கழுகுக் கொடியில் இருந்தாள் என்பதுதான் இடி. ஒருமுறை தொட்ட கொடியை மாற்ற முடியாது. மகளுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று போனவர் மகளுக்கு எதிரியாகப் போய் நின்றார்.

அந்த உலகத்தில் மூன்று நிலவுகள். ஆறுகள் மலையிலிருந்து இறங்காமல் மலைக்கு ஏறும். பிரபுவுக்கு இறக்கை வைத்த வெள்ளைக் குதிரை ஒன்றும் உண்டு. எந்தப் பட்டனை அழுத்தினால் ஏறலாம் என்று தெரியாததால் அது பதினோரு மாதமாகக் கொட்டடியில் புல் தின்றுகொண்டிருக்கிறது. பிரபு யாரையும் தாக்கப் போனதில்லை. தினமும் தொட்டி நிரம்புகிற இரண்டரை மணி நேரம் மதில் கட்டினார். கட்டினதைப் பூசினார். பூசினதை உயர்த்தினார். வாயிலுக்கு யாரை எத்தனை நேரம் நிறுத்துவது என்று, தெருவுக்குத் தண்ணீர் விடுகிற கணக்கிலேயே முறை வைத்தார். மெல்ல மெல்ல நாற்பது பேர் அவர் மதிலுக்குள் வந்து சேர்ந்தார்கள். நாகர்கோவிலில் ஒருவர், மலேசியாவில் இருவர், திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கும் துர்கா, இப்படி. ஒருவர் முகமும் ஜூலியனுக்குத் தெரியாது. கோட்டை மட்டும் ஒருமுறைகூட விழவில்லை.

விழாத கோட்டைக்குக் கதை முளைக்கும். பிரபு ரிட்டயர்டான பட்டாளத்து மேஜர் என்றார்கள். இல்லை, இமயமலைச் சாமியார் என்றார்கள். ஒரு ஆளே இல்லை, மூன்று பேர் முறை போட்டு ஆடுகிறார்கள் என்றும் ஒரு கட்சி. அவர் வாயைத் திறந்து பேசி ஒருவரும் கேட்டதில்லை, எல்லாம் எழுத்துதான். அதனால் "ஊமைப் பிரபு" என்ற பெயர் இரண்டு கொடியிலும் பரவிப்போனது.

வாயைத் திறக்காததற்குக் காரணம் ஒன்றுதான். ஒவ்வொரு ஞாயிறும் ஆறேகாலுக்கு முற்றுகை. அதற்குமுன் ஐந்து நிமிஷம் தூது நேரம். இரண்டு கோட்டைத் தலைவர்கள் மட்டும் தனியாகக் குரலில் பேசிக்கொள்ளலாம். பிரபுவின் கோட்டையை முற்றுகையிட்டே தீருவேன் என்று வாராவாரம் வருகிறவள் மொளகா. ஐந்து நிமிஷமும் அவள் பேசுவாள். அவர் கேட்பார்.

"இன்னா பிரபு, இன்னிக்கும் மௌன விரதமா? வாயில கொழுக்கட்டையா? நாங்கல்லாம் பேசிட்டு அடிக்கறவங்க. உன்ன மாதிரி சொவரு இல்ல."

ஜூலியன் போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு சிரிப்பார். சளி பிடித்திருந்தால் குரலில் தெரியும். மத்தியானம் சாப்பிடவில்லை என்றாலும் தெரியும். "மிளகு ரசம் வெச்சுக் குடி" என்று எழுதிவிட்டு, அனுப்பாமல் அழிப்பார். கடைசியில் "நன்று, வருக" என்று ராஜா பாஷையில் இரண்டு வார்த்தை அனுப்புவார். மகளோடு வாரத்துக்கு ஐந்து நிமிஷம். அதுவும் எதிரியாக. மற்ற ஆறு நாளும் அந்த ஐந்து நிமிஷத்தை வைத்துத்தான் ஓடியது.

ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம் ஆட்டத்தில் அறிவிப்பு வந்தது. இந்தப் பருவத்தின் கடைசி முற்றுகை நவம்பர் இரண்டு, ஞாயிறு. கோட்டை விழுந்தால் அந்தக் கூட்டம் கலைக்கப்படும். நாற்பது பேரும் ஆளுக்கொரு திசை. கோட்டை நின்றால், தாக்க வந்த கூட்டம் கலைக்கப்படும்.

அந்த வாரத் தூது நேரத்தில் மொளகா வழக்கமான வாயாட்டம் ஆடவில்லை.

"பிரபு, அடுத்த வாரம் ஒண்ணு நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நான் தோத்தேன்னு வெய்யி, இந்த கேமையே அழிச்சுட்டுப் போயிடுவேன். சத்தியமா. எனக்கும் அலுத்துப்போச்சு."

இணைப்பு போன பின்னும் ஜூலியன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கணக்கு எளிது. மதிலைக் காத்தால் அந்தக் குரல் போகும். மதிலை விட்டால் நாற்பது பேர் போவார்கள். காலண்டரைப் பார்த்தார். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். மாதா ஒன்றும் சொல்வதாயில்லை.

மறுநாள் முறை மாற்றிக்கொள்ளும்போது ராமலிங்கத்திடம் கேட்டார். ராமலிங்கத்துக்கு ஆட்டமெல்லாம் தெரியாது. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டான்.

"யோவ், அந்தக் கோட்டை எந்த ஊர்ல கீது?"

"ஊர்லல்லாம் இல்லயா. போனுல."

"பட்டா இருக்குதா?"

"இன்னாயா பட்டா? கேமுய்யா!"

"பட்டா இல்லாத நெலத்துக்கு இன்னாத்துக்கு இவ்ளோ யோசன? உம் பொண்ணுக்கு வுட்டுக் குடுத்துட்டுப் போவியா! அந்த நாப்பது பேரு இன்னா உனக்கு மாமனா மச்சானா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா?"

ராமலிங்கம் பீடியைக் காலால் தேய்த்துவிட்டு, கொஞ்சம் குரலை இறக்கி, "அன்னிக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம்யா நீ எனக்கு" என்றான். இரண்டு வருஷத்தில் அவன் அதைச் சொன்னது அப்போதுதான். சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

வியாழக்கிழமை துர்காவுக்கு எழுதிக் கேட்டார்: எதிர்க் கூட்டத்தில் உங்கள் வீட்டு ஆள் இருந்தால் என்ன செய்வீர்கள்? துர்கா குரலிலேயே பதில் அனுப்பினாள். பின்னால் தையல் மிஷின் ஓடியது.

"எங்க நாத்தனாரா இருந்தா ரெண்டு அடி சேத்துப் போடுவேன் பிரபு சார்! சும்மா சொன்னேன். ஏன் சார், யாராவது இருக்காங்களா? பாத்துப் பண்ணுங்க சார். எங்க வீட்ல உப்பு சரியா இருக்கான்னுகூட என்னைய ஒருத்தரும் கேக்கறதில்ல. இங்கதான் நான் சொன்னா நாப்பது பேரு நகருறாங்க. ஞாயித்துக்கிழமைக்காகத்தான் சார் மத்த நாளு தைக்கிறேன்."

ஜூலியன் அதை மூன்று முறை கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்காக வாழ்வது தான் ஒருத்தர் மட்டும் என்று நினைத்திருந்தார்.

விட்டுக்கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ரெஜினாவுக்கு ஒன்பது வயதில் கேரம் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் சிவப்புக் காயை வேண்டுமென்றே தவறவிட்டு அவளை ஜெயிக்க வைத்தார். அவள் கண்டுபிடித்துவிட்டாள். பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. பவுடர் வாசனை வீட்டில் ஒரு வாரம் இருந்தது. அந்தப் பெண்ணிடம் கோட்டையைத் தட்டில் வைத்து நீட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. காலை முறை முடித்து, குளித்து, ஒரு முழம் சாமந்தியும் மெழுகுவர்த்திப் பொட்டலமுமாக அவர் உப்பளம் போகும்போது ஒன்பதரை. கல்லறை முழுக்க சனம். கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆளைச் சுற்றி வட்டமாக நின்றது. பாட்டிகள், பேரன்கள், பிரான்சிலிருந்து வந்திருக்கிற சித்தப்பாக்கள். ஜூலியனுக்கு வட்டம் போட ஆள் போதாது. ஒரு ஆள் நின்றால் அது புள்ளிதான்.

அகஸ்டினாவின் கல்லறை ஏற்கெனவே கழுவப்பட்டிருந்தது. ரோஜா வைத்திருந்தது. ஏழு மெழுகுவர்த்தி எரிந்து வழிந்து, கடைசி ஒன்று மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. போன வருஷமும் இப்படித்தான். ஞாயிறோ திங்களோ, அவர் வர முடியாத நேரம் பார்த்து ரெஜினா வந்துவிட்டுப் போவாள். வழிந்த மெழுகை விரலால் தொட்டார். இளஞ்சூடு. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால்! ஆனால் ஒரு மணி நேரம் முந்தி மூன்றாம் தெருவில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"அகஸ்டினா, நான் இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமந்தியை ரோஜாவுக்குப் பக்கத்தில், அதன்மேல் படாமல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மாலை மூன்றாம் தெரு வால்வை மூடிவிட்டு அறைக்கு வந்தார். ஆறு பத்து. தூது நேரம். பஸ் ஹாரன் சத்தத்தோடு குரல் வந்தது.

"பிரபு, பஸ்ல இருக்கேன், திண்டிவனம் தாண்டிடுச்சு. நெட்டு போயிடுச்சுன்னா அது உன் அதிர்ஷ்டம். ஆனா போவாது. காலைல எங்க அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்திருக்கேன். எங்க அம்மா என் பக்கம்."

ஜூலியன் மைக் பட்டனைப் பார்த்தார். பதினோரு மாதம் குறுக்குக் கோடு போட்டபடி இருந்த சின்னப் படம். பேசினால் அவளுக்குத் தெரியும். பதினோரு மாதமாக ஒளிந்திருந்து கேட்டான் இந்த ஆள் என்று தெரியும். கேரம் பலகைக்கே அப்படி என்றால் இதற்கு என்னவெல்லாம் கவிழுமோ. பேசாவிட்டால் இன்னும் நாலு நிமிஷம் அந்தக் குரல் மிச்சம். பேசினால் அதுவும் நிச்சயமில்லை.

ஆனால் கோட்டையைக் காக்கிற ஆள் யார் என்று தெரியாமலே அவள் தோற்றுப்போவது நியாயமில்லை என்று பட்டது. கோட்டைக் காவலில் எத்தனையோ செய்தவர், அதிகபட்ச வீரமாக அன்றைக்குச் செய்தது ஒரு பட்டனைத் தொட்டதுதான்.

"ரெஜி. மழை பெய்யுது, ஜன்னல மூடிக்கோ."

பஸ் சத்தம் மட்டும் வந்தது. கண்டக்டர் யாரையோ உள்ளே போகச் சொன்னார்.

"யாரு?"

"நான்தாம்மா."

"எத்தினி நாளா?"

"டிசம்பர்லேர்ந்து."

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

"எல்லாம்."

"கேட்டுக்கினே இருந்தியா? நான் பேசனதெல்லாம்?" குரல் உடைந்து மேலே போனது. "இன்னாப்பா நீ!"

நிமிஷம் ஓடியது. கடைசி முப்பது நொடி என்று திரை சிவந்தபோது அவள் வேறு குரலில் கேட்டாள். அலுவலகக் குரல்.

"வாயில தொறந்து வுடப் போறியா?"

"இல்லம்மா."

"எனக்காகக்கூட?"

"நாப்பது பேரு நம்பிக்கினு உள்ள இருக்காங்க. அதுவும் இல்லாம, தொறந்து வுட்டா நீ என்ன மன்னிக்க மாட்ட."

"இப்ப மட்டும்..." என்று அவள் ஆரம்பித்தபோது எக்காளம் ஊதி, தூது நேரம் முடிந்தது.

அப்படி ஒரு முற்றுகையை அந்த மூன்று நிலவு உலகம் அதற்குமுன் பார்த்ததில்லை. மொளகா வடக்குத் தலைவாயிலின் மேல் அத்தனை பேரையும் கொண்டுவந்து கொட்டினாள். கல்லெறிகிற பூதங்கள், நெருப்புக் கழுகுகள், எல்லாம். துர்கா தொண்டை கிழியக் கத்தினாள். பிரபு தெற்கு மதிலைக் காலியாக விட்டு, நாற்பது பேரையும் வடக்கே நிறுத்தி, இவ்வளவு நேரம் இவர், அப்புறம் அவர் என்று முறை பிசகாமல் மாற்றிக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்ததால் இரண்டு தடவை தவறான ஆளைத் தொட்டுவிட்டார். ஏழு மணிக்கு முற்றுகை முடிந்தபோது மதில் விழாமல் நின்றது. வானத்தில் வாணவேடிக்கை. நாற்பது பேரும் பிரபு வாழ்க, பிரபு வாழ்க என்று எழுதித் தள்ளினார்கள். துர்கா அழுதாள்.

எதிர்ப் பக்கத்தில் மொளகா என்ற பெயர் சாம்பல் நிறமானது. அரைமணியில் பட்டியலிலிருந்தே மறைந்தது. சொன்னதைச் செய்கிற பெண்.

ஜூலியன் வீட்டுக்குப் போய்க் காலைச் சோற்றைத் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டார். அவள் எண்ணுக்கு அடித்தார். ரிங் போகவில்லை. அணைத்து வைத்திருந்தாள். இத்தனை நாளில் அப்படி ஆனதில்லை.

அடுத்த ஞாயிறு ஆறு பத்துக்கு அவர் பழக்கத்தில் போனைக் காதில் வைத்தார். புதிய பருவம் தை மாதம்தான் தொடங்குமாம். மோட்டார் அறையில் மழை சொட்டியது. அதற்கடுத்த ஞாயிறும் வைத்தார். தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்தான் ஒழுங்காக வருகிறதே. இரண்டாம் தெரு செல்வாம்பாள் மட்டும், பழைய பிரெஞ்சு ஊரின் மரியாதையோடு, "இன்னா முசே ஜூலியன், மூஞ்சி தொங்கிப் போச்சு? மாப்பிள்ள பாக்க வேண்டிய வயசுல காதல் தோல்வியா?" என்றாள். அவள் எல்லோரையும் அப்படித்தான் கேட்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் தெருவுக்குத் திறந்துவிட்டு, இரண்டாம் தெருக் குழியருகே சாவியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். நாலு முப்பத்தொன்று. சட்டைப் பையில் போன் அடித்தது. போனை இப்போதெல்லாம் பைக் பெட்டியில் வைப்பதில்லை. ரெஜி என்று வந்தது. அவசரத்தில் ஒருமுறை அணைக்கிற பக்கம் தள்ளப் பார்த்தார்.

"ரெஜிம்மா."

நலமா, சாப்பிட்டாயா, ஒன்றும் இல்லை. நேராக ஆரம்பித்தாள்.

"தெக்கு மதில்ல ஒரு ஆளுகூட வெக்கல நீ. நான் அந்தப் பக்கம் வந்திருந்தா பத்து நிமிஷத்துல கோட்டை காலி. பதினஞ்சு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. எந்த தைரியத்துல வெக்காம இருந்த?"

"நீ அந்தப் பக்கம் வரமாட்டம்மா."

"அதான் எப்படித் தெரியும்?"

"சுலபமான பக்கம் நீ எப்ப போயிருக்க? கணக்குப் பரிட்சையில கடைசிக் கேள்விய மொதல்ல எழுதறவ நீ. உங்க அம்மா அடிச்சுக்கூடச் சொல்லிப் பாத்தா."

"அப்போ ஒவ்வொரு தடவையும் அதனாலதான் தோத்தனா?"

"பாதி தடவ."

"மீதி?"

"மீதி நீ நல்லாத்தான் ஆடின. நான்தான் பயந்துக்கினே இருந்தேன்."

"பொய்யி. ஆறாவது மாசம் கெழக்கு வாசல்ல நான் ஏணி வெச்சேனே, அப்ப..." என்று அவள் தொடங்கினாள். கோபம்தான். முழுக்க முழுக்கக் கோபம். வாரக்கணக்கில் சேர்த்து வைத்த ஏணி, பூதம், நெருப்பு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். ஜூலியன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அகஸ்டினாவைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது ஏணியையெல்லாம் தாண்டி எங்கேயோ நின்றது. அதற்கு இன்னும் எத்தனை செவ்வாய்க்கிழமை ஆகுமோ.

நாலு நாற்பது ஆனது. சாவி குழிக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. நாலு நாற்பத்திரண்டு. குழாயடியில் குடங்கள் முனகத் தொடங்கின. நாலு நாற்பத்து நாலு.

"யோவ் முசே!" செல்வாம்பாள் தெருமுனைக்கே வந்துவிட்டாள். "தண்ணி எங்கயா? செத்துகித்துப் போயிட்டியான்னு பாக்க வந்தேன்!"

ஜூலியன் அவளைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி, இரு என்று காட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் தெரு பார்க்காத கை. செல்வாம்பாள் வாயைத் திறந்தபடி குடத்தோடு நின்றாள்.

"இன்னா சத்தம்ப்பா அங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நீ சொல்லு. ஏணி வெச்ச, அப்புறம்?"